கிட்னித் தீனி வாங்கத் திருச்சி போனேன்

எங்கள் வீட்டு நாய் செம்பிக்குப் பதினோரு வயது. அதற்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று டாக்டர் சொல்லி வருஷம் ஒன்று ஆகப்போகிறது. அன்றிலிருந்து அந்த நோய்க்கென்றே தயாராகும் உலர்தீனியைத்தான் சாப்பிடுகிறது. எங்கள் ஊர் துவரங்குறிச்சியில் அது கிடைக்காது. ஆன்லைனில் போட்டால் பாதி நாள் ஸ்டாக் இருக்காது. அதனால் மாதம் ஒரு முறை திருச்சிக்குப் போய் வாங்கி வருகிறேன். இது போன புரட்டாசியில், ஒரு இரண்டாம் சனிக்கிழமை போய்வந்த கதை. கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை 7.40க்குப் பஸ். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 50 ரூபாய். வெளியூர் பஸ் இப்போது ஊருக்கு வெளியே, பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து எடமலைப்பட்டி புதூர் வழியாக சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது (உட்கார இடமும் கிடையாது). சென்ட்ரலில் இருந்து பாலக்கரைக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய். கடைக்குள் நுழையும்போது மணி பத்து.

முன்பெல்லாம் அந்தக் கடையில் மீன் தொட்டியும் கிளிக்கூண்டும்தான் இருந்தன. இப்போது ஒரு சுவர் முழுக்க வைத்தியத் தீனிப் பைகள். கிட்னிக்கு ஒன்று, ஈரலுக்கு ஒன்று, தோலுக்கு, மூட்டுக்கு, பூனையின் நீர்ப்பைக் கல்லுக்கு. மருந்துக்கடை மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். விற்பது மட்டும் மிட்டாய்க்கடை மாதிரி.

"ஸ்டாக் இல்லக்கா. அடுத்த வாரம் வாங்க" என்றார் கடைக்காரர்.

வீட்டில் இரண்டு நாளைக்குத்தான் தீனி இருந்தது. வேறு எதைக் கொடுத்தாலும் செம்பி அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்துவிடும். இன்னொரு கடை இருந்தால் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி உள்ளே வந்தார். "வழக்கமா வாங்கறது இருக்கா?" என்று கேட்டார். கடைக்காரர் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து வைத்தார். நான் கேட்ட அதே பை. இரண்டு கிலோ, 2,350 ரூபாய்.

"உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன் மேடம்."

எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். அவர் வீட்டு நாய்க்கும் அதே நோய்தான் போலிருக்கிறது என்று நினைத்து, "எத்தனை வயசுங்க உங்க நாய்க்கு? கிட்னி ரொம்ப மோசமா?" என்று கேட்டேன்.

"கிட்னியா? அதெல்லாம் ஒண்ணுமில்லையே. லட்டு ஏழு மாசக் குட்டி" என்றார்.

அவர் பெயர் வைதேகி. ஸ்ரீரங்கம், பேங்க் உத்தியோகம். "எங்காத்துல மாமிசம் வாங்கப்படாது. கறி இல்லாம ஏதாவது குடுங்கோன்னு கேட்டேன். இதுல கறி கம்மி, வயித்துக்கு லேசுன்னு குடுத்தார். அஞ்சு மாசமா இதான்."

பையின் மேல் இங்கிலீஷில் பெரிய எழுத்தில் இருந்த 'ரீனல்' (சிறுநீரகத்துக்கானது) என்ற வார்த்தையைக் காட்டினேன். "அது கம்பெனி பேர்னு நெனைச்சேனே" என்றார். நோயாளி நாயின் சிறுநீரகத்துக்குப் பாரம் குறைய வேண்டும் என்பதற்காகப் புரதத்தையும் பாஸ்பரஸையும் குறைத்துச் செய்த தீனி அது. வளரும் குட்டிக்கு அவை இரண்டும்தான் வேண்டும்.

கடைக்காரரிடம் திரும்பினேன். "குட்டின்னு தெரிஞ்சுமா குடுத்தீங்க?"

"அவங்க கேட்டாங்க, குடுத்தேன். எல்லாரும் வாங்கறாங்கக்கா. இதுதான் இப்ப நல்லாப் போவுது. நோய் இல்லாத நாய் சாப்பிட்டா என்ன, செத்தா போவும்?"

நான் கத்திவிட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வைதேகி கத்தவில்லை. "குட்டி ஒரு மாசமா வழுக்கி வழுக்கி விழறது. டைல்ஸ் சரியில்லைன்னு பாய் வாங்கிப் போட்டேன்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு பையை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீங்க எடுத்துக்கோங்கோ. ஆத்துல பிரிச்ச பை ஒண்ணு இருக்கு, அதையும் தரேன், வாங்கோ." பணத்தைக் கட்டிவிட்டு அவரோடு கிளம்பினேன்.

பாலக்கரையில் இருந்து ஸ்ரீரங்கம் ஏழு கிலோமீட்டர், ஆட்டோ 220 ரூபாய். புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டத்தில் காவிரிப் பாலம் தாண்டவே அரை மணி ஆகிவிட்டது. அம்மா மண்டபம் ரோட்டில் அவருடைய ஃப்ளாட். கதவைத் திறந்ததும் லட்டு வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. ஓடி என்று சொல்லக்கூடாது. முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்து, தவளை மாதிரி பரப்பிக்கொண்டு வந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனோம்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. இடது முன்னங்காலில் ஒரு விரிசல். "இந்த வருஷம் இப்படி வர்ற மூணாவது கேஸ்" என்றார். "டாக்டர் சீட்டு எங்கன்னு ஒரு கடைக்காரரும் கேக்கறதில்லை."

"நியாயம் டாக்டர். கிட்னி கெட்டுப்போன எங்க நாய்க்குத்தான் இந்தத் தீனி" என்று நான் ஆரம்பித்தேன்.

"உங்க நாய்க்குக் கடைசியா எப்ப ரத்தம் எடுத்துப் பாத்தீங்க?"

முதல் பரிசோதனைக்குப் பிறகு நான் எடுக்கவே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டுமாம். கடையில் எதுவும் கேட்காமல் கொடுத்தது எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. பாலக்கரையில் அந்த ஆளைப் பார்த்துக் கத்தினேனே, அதில் கொஞ்சத்தை என் மேலும் கத்திக்கொள்ள வேண்டும் என்று திரும்பும் பஸ்ஸில் தோன்றியது. ஆனால் அவர் மேல் இருந்த கோபம் குறையவில்லை. இப்போதும் குறையவில்லை.

இந்தத் தீனிக்காகத் திருச்சி வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கிளம்பும் முன் போன் செய்து ஸ்டாக் கேளுங்கள். புரட்டாசி சனிக்கிழமை வேண்டாம். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள், கடைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்து நீட்டுங்கள். பையில் இருப்பது புரியாவிட்டால் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புங்கள். அப்புறம் செம்பிக்குத் திருச்சியில் எடுத்த ரத்தப் பரிசோதனைக்கு 900 ரூபாய் ஆனது, அதைக் கூட்டிவர வேன் வாடகை தனி. ரத்தத்தில் கழிவின் அளவு கொஞ்சம் கூடியிருக்கிறது. மருந்து மாற்றியிருக்கிறார்கள்.

வைதேகி போன வாரம் போன் செய்தார். லட்டுவின் எலும்பு விரிசல் ஆறிவிட்டதாம், ஆனால் வளைவு முழுசாகப் போகாதாம். குட்டிகளுக்கான கோழித் தீனி வாங்கி வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறாராம்.

"உங்க வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான் சொல்றா. பெருமாள் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். அந்தக் கால் ஏன் வளைஞ்சுதுன்னு கேட்டார்னா, அதுக்குத்தான் என்கிட்ட பதில் இல்லை."