ஐந்தாவது ட்ராக்கில் றுக்கியா

குறிஞ்சாக்கேணியில் கலியாண வீடு என்றால், பந்தல் போடுகிறவனுக்கு முன்னால் பரீதாவுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். மாப்பிள்ளை வாசலில் கால் வைக்கிற நேரம் பெண்கள் பக்கத்திலிருந்து அவள் வரவேற்புப் பாட்டை எடுப்பாள். தங்கை றுக்கியா கூடச் சேர்ந்து தாங்குவாள். பாட்டு முடிந்ததும் எல்லாப் பெண்களும் நாக்கைச் சுழற்றிப் போடுகிற குரவையில் தகரக் கூரை அதிரும். தயங்கித் தயங்கி வருகிற மாப்பிள்ளைகள்கூட அந்தச் சத்தத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள்.

அப்படி இருந்த இரட்டைக் குரல் சரீப் ஹாஜியாருடைய மகளின் கலியாணத்தில் உடைந்தது. பாட்டின் நடுவில் பரீதா கையை உயர்த்தினாள்.

"நிப்பாட்டு புள்ள! ராகம் பிழைக்குது."

சபையே திரும்பிப் பார்த்தது. றுக்கியா முந்தானையை வாய்க்குமேல் இழுத்துக்கொண்டாள். அன்று மூடிய வாய், பிறகு எந்தக் கலியாணத்திலும் திறக்கவில்லை. திருகோணமலை நகரத்தில் புருஷன் வீட்டோடு இருந்துவிட்டாள். அக்கா பாடுகிற வீட்டுப் பக்கம் அவள் தலைவைத்தும் படுக்கவில்லை.

இப்போது பரீதாவின் ஒரே மகள் சனூஸாவுக்குக் கலியாணம். மருதாணிக்கு நாள் குறித்த அன்றே அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொல்லிவிட்டாள்: "உம்மா, றுக்கியா சாச்சியும் நீங்களும் சேந்து பாட்டுப் படிக்காட்டி எனக்குக் குரவையே வேணாம். சும்மா வரட்டும் மாப்பிள்ளை."

"நான் போய்க் கேக்க மாட்டன். பிழை விட்டது அவள்" என்றாள் பரீதா.

வழி கணவன் கலீலுர் றஹ்மானின் அலுமாரிக்குள் கிடந்தது. டோஹாவில் வயரிங் வேலை செய்து திரும்பியபோது, தன் றபான் மேள அடியைப் பதிய என்று அவர் ஒரு மிசின் கொண்டுவந்திருந்தார். சாப்பாட்டுத் தட்டளவு கறுப்புப் பெட்டி. எட்டு ட்ராக். ஒரு ட்ராக்கில் ஒரு குரலைப் பதிந்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த ட்ராக்கில் இன்னொன்றைப் பதியலாம். கம்பியூட்டரும் வேண்டாம், போனும் வேண்டாம். ஒரே ஆள் எட்டு ஆளாக நிற்கலாம்.

"அப்ப நானே நாலு பேராப் படிக்கிறன். எவளும் தேவையில்ல" என்று பரீதா அதைத் தன் தையல் மேசைக்கு இழுத்துக்கொண்டாள்.

கலீலுர் றஹ்மானுக்கு வாயெல்லாம் பல். அந்த வாரம்தான் மிசின் கம்பனி இணையத்தில் பாவனையாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தது: இனிச் செய்யப்போகும் மிசினில் என்னென்ன வேண்டும்? அவருக்கு அது பெரிய கௌரவமாகப் பட்டது.

"நான் எழுதப்போறன். இருவத்திநாலு ட்ராக், பெரிய திரை, தொட்டா வேலை செய்யவேணும்."

"தொட்டா வேலை செய்யிறதோ? மீன் கழுவின கையோட நான் எப்பிடித் தொடுறது? கட்டை கட்டையாப் பொத்தான் வேணும், கண்ணால பாக்காமலே அமத்துற மாதிரி. கரண்ட் போனாப் பதிஞ்சதும் போகுது, உள்ளுக்கு பெற்றரி வேணும். அழிக்கிறதுக்கு முன்னால 'உண்மையா அழிக்கவோ' எண்டு ரெண்டு தரம் கேக்கவேணும்."

"மனிசரே அப்பிடிக் கேக்கிறதில்ல, மிசின் கேக்குமோ?"

"கேக்கவேணும். பிறகு, ஒண்டோடயும் தொடுக்கக் கூடாது. பொம்பிளைகள் படிக்கிறது பொம்பிளைகளுக்கு. போனுக்குள்ள போனா ஊரெல்லாம் போயிரும். என்ட பெருவிரல் வச்சாத்தான் திறக்கவேணும்."

"என்ட விரல் வச்சா?"

"ஷொக் அடிக்கவேணும்."

அவர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கம்பனிக்கு அனுப்பிவிட்டார், ஷொக்கைத் தவிர.

அடுத்த நாள் காலை, பாண், பணிஸ் விற்கிற சூன் பாண் ஓட்டோ தன் மெட்டை இசைத்தபடி ஒழுங்கையைத் தாண்டும்வரை காத்திருந்து, மீன்காரனின் ஹோர்ன் எழும்பும் முன்னால் பரீதா சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

'வாசல் நிறைஞ்சிருக்கு வாங்க மாப்பிள்ளை – எங்கள்
வாழைக் குருத்துக்கு நிழல் தாங்க மாப்பிள்ளை.'

ஒன்று பதிந்தாள். அதைக் கேட்டு இரண்டு. பிறகு மூன்று, நான்கு. முடித்துவிட்டு ஹெட்போனைக் காதில் மாட்டி நான்கையும் சேர்த்து ஓடவிட்டாள்.

யா அல்லாஹ்!

வலது காதருகே ஒரு பரீதா. இடது பக்கம் இன்னொருத்தி. பின்னால் இரண்டு பேர். ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள் விடாமல் பிடிக்கிறாள். இத்தனை காலமும் தன் தொண்டைக்குள் இத்தனை பெண்கள் எங்கே ஒளிந்திருந்தார்கள்? அவளுடைய கை மயிர் குத்திட்டு நின்றது. தையல் மிசினின் சில்லைப் பிடித்துக்கொண்டு, வெள்ளத்தின் நடுவில் நிற்பவள் போல் அசையாமல் நின்றாள். கண்ணீர் தானாக இறங்கியது.

பாட்டு முடிந்து, மறுபடி தானாகத் தொடங்கியது. தூக்கிவாரிப்போட்டது.

முடிந்த இடமும் தொடங்குகிற இடமும் ஒரே சுருதியில் இருக்கவேண்டிய பாட்டு அது. ஆனால் தொடக்கம் உயரத்தில் இருந்தது, முடிவு ஒரு படி கீழே கிடந்தது. இடையில் எங்கேயோ வழுக்கியிருக்கிறது. மற்ற மூன்றையும் அடக்கிவிட்டு முதல் குரலை மட்டும் கேட்டாள். 'நிழல்' என்று குரல் மேலே ஏறவேண்டிய இடம். ஏறவில்லை. பட்டும் படாமலும் தொட்டு, மெல்லச் சரிந்தது. மற்ற மூன்று பரீதாக்களும் ஆட்டுக்குட்டிகள் போல அவள் பின்னால் இறங்கியிருந்தார்கள்.

அதே இடம். சரீப் ஹாஜியார் வீட்டில் இரண்டு குரலும் முட்டிக்கொண்ட அதே இடம். அன்று றுக்கியா மேலே நின்றிருக்கிறாள். இறங்கியது யார் என்பது இப்போது நான்கு வாயால் கேட்டது.

வாசலில் நின்ற கணவனை அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் இரத்தமில்லை.

"இஞ்சேருங்க. கம்பனிக்கு இன்னுமொண்டு எழுதுங்க. அடுத்த மிசின் உண்மை சொல்லாம இருக்கவேணும்."

"அதுக்குத்தானே போன் கிடக்கு. முகத்தையே வெள்ளையாக்கிக் காட்டும்" என்றார் அவர். பிறகு அவளுடைய கண்ணைப் பார்த்துவிட்டு, மிசினைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்துக் கொடுத்தார்.

திருகோணமலைக்குப் போகிற பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது கீழே கடல் பளபளத்தது. பரீதா அதைப் பார்க்கவில்லை. பிள்ளையை வைத்திருப்பது போல மடியில் பையை அணைத்திருந்தாள்.

றுக்கியா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் கை நின்றது.

"கலியாணத்துக்குச் சொல்ல வந்தீங்களோ? கார்ட்டைக் கதிரையில வச்சிட்டுப் போங்க, ராத்தா."

பரீதா மிசினைப் பையிலிருந்து எடுத்தாள். பிளக்கைச் செருகினாள். தங்கையின் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். "என்ன இது, கிழவிக்குக் கிரீடமோ?" என்று றுக்கியா கழற்றப் போனாள். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. அவளுடைய கை காதிலேயே நின்றது. கண் விரிந்தது. 'நிழல்' வந்ததும் தேங்காய்ப்பூ ஒட்டிய விரல் தானாக மேலே போனது.

"இதிலதான்."

"ஓம்."

"இதுக்குத்தான் அண்டைக்குச் சபைக்குள்ள என்னை நிப்பாட்டினீங்க?"

"ஓம் புள்ள" என்றாள் பரீதா.

றுக்கியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் சேர்த்துவைத்த கோபமெல்லாம் முகத்தில் வந்து நின்றது. நின்று, உதட்டோரத்தில் உடைந்தது.

"ஒராள் விழுந்தாத் தூக்கலாம், ராத்தா. நாலு பேரா நிண்டு விழுந்திருக்கிறீங்க. இந்த நாலு பேரையும் முதல்ல வாயப் பொத்தச் சொல்லுங்க."

பரீதா மிசினில் அந்த நான்கு குரல்களின் பிடிகளையும் கீழே இறக்கினாள். ஐந்தாவது ட்ராக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. றுக்கியா கையைக்கூடக் கழுவவில்லை. கண்ணை மூடினாள். மூடிக்கிடந்த குரல் முதலில் கரகரத்தது, பிறகு தெளிந்தது. 'நிழலில்' ஏறி, அங்கேயே நின்றது.

பிறகு பரீதாவின் முறை. தங்கையின் குரல் காதுக்குள் ஒலிக்க, ஆறாவது ட்ராக்கில் அவள் பாடினாள். அந்த இடம் வந்தது. றுக்கியாவின் குரல் மேலே நின்று காத்திருந்தது. பரீதா ஏறினாள். வாழ்நாளெல்லாம் தான் தொட்டுவிட்டதாக நினைத்திருந்த உயரத்தை அன்றுதான் உண்மையாகத் தொட்டாள். அங்கிருந்து பார்த்தால் உலகமே வேறாக இருந்தது.

ஹெட்போனைக் கழற்றினாள். தங்கையின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"விடுங்க, தேங்காய்ப்பூ ஒட்டுது" என்றாள் றுக்கியா. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு உள்ளறையில் இருந்த மகளுக்குச் சத்தம் வைத்தாள்.

"ஷாமிலா! என்ட பச்சைச் சீலையை எடுத்து அயன் பண்ணு. ராத்தா, மாப்பிள்ளை எத்தினை மணிக்கு வாறார்?"