தற்காப்பு என்று நான் சொன்னது

ஹஜ்ஜுப் பெருநாளின் மறுநாள், சாய்ந்தமருது. பிற்பகல் நான்கு மணியளவில் என் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்தார். பத்து நிமிடத்தின் பின் சமையலறைப் பலகையில் கிடந்த, குர்பான் இறைச்சி அறுத்த கத்தியை எடுத்து என்மீது ஓங்கினார். சோறு வைக்கும் பெரிய சஹன் தட்டைக் கேடயமாகப் பிடித்துத் தடுத்தேன். இடையில் வந்த என் மனைவிக்குக் கழுத்தில் வெட்டு விழுந்தது. கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் அவள் காலமானாள். மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம். மைத்துனர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார்.

பொலிஸில் நான் சொன்ன வாக்குமூலமும் ஏறத்தாழ இதுவே. அவர்கள் எழுதி முடித்ததும் வாசித்து ஒப்பமிட்டேன். அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு செயலை நான் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மணமுடித்தவன் அங்கே போய்க் குடியிருப்பான். மாமனார் இளமையிலேயே இறந்துவிட்டதால், சகோதரிக்கு வீடு கட்டும் பொறுப்பு மைத்துனரின் தலையில் விழுந்தது. பத்தொன்பது வயதில் கட்டாருக்குப் போனார். அவர் பாலைவனத்தில் நின்று எழுப்பிய சுவர்களுக்குள் இருந்துதான் நான் என் பட்டமேற்படிப்பை முடித்தேன். பிறகு அவர் மருதமுனையில் தன் மனைவியின் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அவருக்கு எஞ்சியிருந்தது பெருநாள் விருந்தாளியின் இடம் மட்டுமே.

குர்பான் இறைச்சியை வீட்டுக்கு, உறவினருக்கு, மிஸ்கீன்களான ஏழைகளுக்கு என மூன்றாகப் பிரிப்போம். உறவினர் பங்கை நாமே கொண்டுபோய்க் கொடுத்து, விருந்துக்கும் அழைக்க வேண்டும். அன்று எனக்கு முழங்கால் வலி. ஏழைகளுக்கென வாசலில் அடுக்கியிருந்த பைகளில் ஒன்றை, மருதமுனைப் பக்கம் போன ஆட்டோவில் கொடுத்தனுப்பினேன். அதே மாதிரிப் பை அவருடைய அடுத்த வீட்டு விதவைக்கும் போயிருந்தது.

மைத்துனர் அந்தப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"கட்டினவனுக்கு மிஸ்கீன்ட பங்கு. குந்தியிருந்தவருக்கு ஈரலும் கொழுப்பும். நல்ல நீதிதான் மச்சான்!"

"மெதுவாக் கதையுங்க. அயல் ஆக்களுக்குக் கேக்கும்."

"கேக்கட்டுமே. லெக்சரருக்கு வெக்கமா? எண்ட கல்லுல சாஞ்சிருந்து படிச்சாக்களெல்லாம் எனக்குக் கதைக்கப் படிப்பிக்கிறாங்க!"

என்ன மறுமொழி சொன்னேன் என்பது நினைவில் இருக்கிறது. "கட்டினா மட்டும் வீடு ஒங்கட ஆகுமா?" என்றேன். அவர் கத்தியை எடுத்தார்.

முதல் வெட்டு சஹனின் விளிம்பில் பட்டது. இரண்டாவது வெட்டு இல்லை. கிணற்றடியிலிருந்து ஓடிவந்த என் மனைவி அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் கத்தவில்லை.

"வெய்டா தம்பி அத. நீ சோறு திண்டியா?"

"இல்ல ராத்தா."

கத்தி பிடித்த கை அவருடைய தொடைவரை இறங்கியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்த பிறகே சஹனை இரு கைகளாலும் அவருடைய நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். அவர் பின்னால் சரிந்தார். விழாமலிருக்க வீசிய கையில் கத்தி இருந்தது. அந்தப் பக்கத்தில் அவள் நின்றாள்.

தள்ளியபோது எனக்கு ஆபத்து எதுவும் இருக்கவில்லை. குந்தியிருந்தவர் என்ற சொல் மட்டுமே காதில் இருந்தது.

எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர், "ஒங்கட பக்கம் தெளிவாக் கிடக்கு சேர், கூடுதலா ஒண்டும் கதைக்க வேணாம்" என்றார். ஓம் என்றேன். நீதிமன்றத்தில் சிறைச்சாலை வண்டிக்கு அருகே மைத்துனரைக் கண்டேன். ஒரே மாதத்தில் தாடி முழுவதும் நரைத்திருந்தது. அவர் என்னைக் குற்றம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒருவகையில் அதை விரும்பினேன்.

"எண்ட கையாலதானே மச்சான்," என்றார். "ராத்தாட நாப்பதுக்கு எனக்கும் சேத்து ஓதுங்க."

அவர் அப்படித்தான் நம்புகிறார். அந்த நம்பிக்கையைத் திருத்தக்கூடியவன் நான் ஒருவனே. நாற்பதாம் நாளும் கடந்துவிட்டது.

இன்னும் செய்யாதவை:

அடுத்த வழக்குத் தவணைக்கு முன் பொலிஸுக்குப் போய் மேலதிக வாக்குமூலம் கொடுப்பது.

மருதமுனைக்குப் போய் அவருடைய மனைவியிடம் நேரில் சொல்வது.

மாமாவைச் சபிக்க வேண்டாம் என்று எங்கள் மகளுக்குச் சொல்வது, காரணத்தையும் சொல்வது.