நடுவில் நின்ற ஏழாவது தூண்

மகள் இன்று பள்ளியில் ஒரு கிரேக்கக் கோயிலின் மாதிரியைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒலிம்பியா என்ற ஊரில் பூகம்பத்தில் இடிந்துபோன சீயஸ் கோயில். தெர்மாகோலில் நான்தான் செய்தேன்.

படத்தில் முன்பக்கம் ஆறு தூண். நான் ஏழு வைத்தேன். வீட்டுப் படியையே ஒற்றைப்படையில் கட்டுகிறவன், இரட்டைப்படைக்கு மனசு வரவில்லை.

பட்டாபிராமில் ஷேர் ஆட்டோ ஏறியதும் மகள் எண்ணினாள்.

"ஆறுதான்பா வரணும். மார்க் போச்சு." கண் கலங்கிவிட்டது.

எதிரில் பூக்கூடையோடு இருந்த அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, வாசலுக்கு நேரா தூண நட்டுகினு கீறே? சாமி எப்டி வெளிய பாக்கும்?"

அப்போதுதான் உறைத்தது. ஆறு என்றால் நடுவில் வழி. ஏழு என்றால் நடுவில் தூண்.

பிடுங்கினேன். பசைத் தடம் அசிங்கமாகத் தெரிந்தது.

அக்கா அந்தத் தூணை மூன்றாக உடைத்து, தடத்தை மறைத்துப் படுக்கவைத்தார். "இடிஞ்ச கோயிலுதானே. ஒண்ணாவது உயுந்து கெடக்க வேணாவா?"

சாயங்காலம் மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். "விழுந்த தூண்தான் சூப்பர்னு மிஸ் சொன்னாங்க."

"பக்கவாட்டுல பதிமூணு தூண் சரியா வெச்சேனே, அத யாரும் சொல்லலையா?"

"அது ஒற்றைப்படைப்பா. அதனாலதான் சரியா வெச்சிருக்க."

உங்கள் வீட்டில் எத்தனை படி? உண்மையைச் சொல்லுங்கள்.