என் பையிலேயே இருந்த மனு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடையில், தங்கவயல் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் நடந்தது இது. பத்து நாளுக்கு ஒருமுறை வந்த குழாய்த் தண்ணீரும் அடியோடு நின்றுபோயிருந்தது. சமூகப்பணியில் முதுகலை முடித்தவள் என்பதால், மக்களைத் திரட்டுவது என் வேலை என்றே நம்பினேன். துண்டறிக்கை அடித்து வீடுவீடாகக் கொடுத்தேன். கூட்டத்திற்கு வந்தவர்கள் ஒன்பது பேர்.

எங்கள் லைனின் கடைசி வீட்டில் ஒரு பெண் துணி தைக்கிறாள், பத்தாவதைத் தாண்டாதவள். “ஷிஃப்ட் போட்டுட்லாம்க்கா” என்றாள். தண்ணீர் அலுவலக வாசலில் உட்கார, காலையில் பென்ஷன்காரர்கள், மதியம் பெண்கள், மாலையில் வேலை முடிந்து பெங்களூரு ரயிலில் திரும்புகிறவர்கள். சுரங்கம் மூடிய பிறகும் எங்கள் ஊரில் ‘ஷிஃப்ட்’ என்ற சொல்லை யாரும் மீறுவதில்லை. மறுநாள் வாசல் நிரம்பியது.

“இன்னாம்மா, கேஜ்ல எறக்கற மாதிரி வரிசையா நிக்க வச்சிட்டியே!” என்றார், சுரங்கக் கூண்டில் இறங்கி வேலை செய்த ஒரு முதியவர். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் படித்த எனக்கு அந்த ஒரு சொல் ஏன் தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது.

கன்னடத்தில் எழுதிய மனு வேண்டும் என்றார் அதிகாரி. அவளுக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. “நீங்க எழுதினு வாங்கக்கா” என்றாள். அன்றே அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன், ஆனால் கொடுக்கவில்லை. இன்னும் திருத்த வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், கூட்டம் கரைந்து அவள் என்னைத் தேடி வர வேண்டும் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் போனேன். கூட்டம் கரையவில்லை. அந்த முதியவர் வெயிலில் இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒட்டியிருந்த ஷிஃப்ட் பட்டியலில், மூன்று ஷிஃப்டிலும் முதல் பெயர் என்னுடையது.

“அன்னைக்கப்புறம் நான் வரவே இல்லையே?” என்றேன் அவளிடம்.

“நீங்க ராப்பகலா மனு எழுதினு கீறீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அதுவும் ஷிஃப்ட்தானேக்கா?”

பையைத் திறந்து, மடிப்புக் கலையாத அந்தத் தாளைக் கொடுத்தேன். மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது. எழுதிய அன்றே கொடுத்திருந்தால் இரண்டு நாள் முன்பே வந்திருக்கும் என்பதை அவளிடம் இதுவரை சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

இன்றும் என்னைவிட எளிதாக ஒருவர் நாலு பேரைச் சேர்த்துவிட்டால் முதலில் வயிறு எரியத்தான் செய்கிறது; அது அடங்கும்வரை காத்திராமல், என் பையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.