டேனரியில் கறுத்த மெமரி

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. வேலூரிலிருந்து தினமும் ரயில். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆபீசுக்கு இன்டர்நெட் புதிதாக வந்திருந்தது. அது வந்த பிறகு நான் எது சொன்னாலும், அதில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்கள்.

ஷிப்பிங் பார்த்த பாயின் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகும். இன்வாய்ஸ் பாதி அடித்திருப்பார், திரை நீலமாகிவிடும். "சிஸ்டர், மறுபடியும் போய்ட்டுது" என்பார். அவர் குரலில் கோபமே இருக்காது. திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும். பெட்டியைத் திறந்து, மெமரி என்கிற அந்தச் சின்னப் பச்சைப் பலகையைக் கழற்றித் திரும்ப மாட்டுவேன். சில நாள் ஓடும். பிறகு அதே நீலம்.

மேனேஜர் இன்டர்நெட்டில் ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதியதையெல்லாம் பிரிண்ட் எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தார்.

"பாரும்மா, உலகமே சொல்லுது. நாம வாங்கின கம்பெனி மெமரி குப்பையாம். எல்லாத்தையும் மாத்திடலாம்."

"எழுதினவங்க யாரும் நம்ம மெஷினைப் பாக்கலியே சார். நானே டெஸ்ட் பண்ணிப் பாத்துடறேன்."

"இத்தன பேரு பொய்யா சொல்லுவாங்க?"

வாதாட எனக்குத் தெம்பில்லை. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது, இன்டர்நெட்டில் எல்லோரும் புகழ்ந்த கம்பெனியின் மெமரி. அதைக் கொண்டுவந்து பாயின் மெஷினில் மாட்டினேன். 'குப்பை'யைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டு மெஷினில் மாட்டி, சோதனை புரோகிராமைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பிழைகூட இல்லை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஆபீஸ்ல பாக்கறது பத்தலியா உனக்கு?" என்றார்.

வீட்டில் அது ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் ஆபீசிலும் நான் கொடுத்தது நன்றாகவே ஓடியது. மேனேஜர் சிரித்தார். "நான் அப்பவே சொல்லலே?" எனக்கு வருத்தமாக இல்லை. அவர் சொன்னதே சரியாக இருந்துவிட்டுப் போகட்டும், இத்தோடு விட்டால் போதும் என்றுதான் இருந்தது.

மழைக்காலம் தொடங்கியதும் ஒரு காலையில் பாய் என் மேசை அருகே வந்து நின்றார். "சிஸ்டர்..." கையால் தன் கம்ப்யூட்டரைக் காட்டினார். மறுபடியும் நீலம்.

நான் கொடுத்த மெமரியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அடி விளிம்பில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்கள் கறுத்திருந்தன. வீட்டில் அவை பளிச்சென்று இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே, தோலிலிருந்து மயிரை நீக்க ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகள். அழுகிய முட்டை நாற்றம். எங்கள் மூக்குக்கு அது எப்போதோ மரத்துப்போய்விட்டது.

பாய் தன் கையை நீட்டினார். வெள்ளி மோதிரம் கரிபோல் இருந்தது. "பெருநாளைக்குப் பாலிஷ் போட்டேன். லீவுல வூட்ல இருந்தப்ப ஒண்ணுமே ஆவல. இங்க வந்ததும் கறுத்துப்போச்சு."

பென்சில் அழிக்கும் ரப்பரால் பற்களைத் தேய்த்து மாட்டினேன். ஓடியது.

மேனேஜரிடம் தேய்த்த மெமரியையும், வேறொரு மெஷினில் கறுத்திருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எந்தக் கம்பெனியானாலும் இந்தக் குழிக் காற்றில் கறுக்கும் என்றேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்காக டேனரிய மூட முடியுமாம்மா?"

"மெஷினுங்கள ரோட்டுப் பக்க ரூமுக்கு மாத்தினாப் போதும் சார்."

ஏற்றுமதி சீசன் முடிந்த பிறகு மாற்றினார்கள். நீலத்திரை கம்மியானது, ஒரேயடியாக நிற்கவில்லை. வயர்களைச் சுருட்டிக்கொண்டே பாய் சொன்னார்: "மெமரிக்கு ரூம் மாத்திட்டாங்க. குழிகிட்ட நிக்கிறவனுக்கு யாரு சிஸ்டர் மாத்துவா?" நான் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

இன்டர்நெட்டில் மேனேஜர் படித்த அதே இடத்தில் நான் கண்டதை எழுதிப் போட்டேன். பவர் சப்ளை மட்டமானது, நல்லதாக வாங்கு என்றார் ஒருவர். காற்றுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னொருவர் சிரித்தார். அதன்பின் அங்கே போவதை விட்டுவிட்டேன்.

வெகுநாள் கழித்துக் கான்பூரில் ஒரு டேனரியிலிருந்து ஒருவர் மெயில் அனுப்பினார். தங்களுக்கும் இதே தொல்லைதான், நீங்கள் எழுதியதை நம்பலாமா என்று கேட்டிருந்தார். ரயிலில் நின்றுகொண்டே வந்த கால்வலி அன்றைக்கு. உட்கார்ந்து சுருக்கமாக எழுதினேன். நம்ப வேண்டாம், ஒன்றைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய் ஓட்டிப் பாருங்கள்.

ஓட்டிப் பார்த்தாரா, தெரியவில்லை. அவரிடமிருந்து பிறகு ஒன்றும் வரவில்லை.