பால் உறவுக்கும் ஒரு வரி

எங்கள் பள்ளிவாசலின் குடும்பப் பதிவைக் கணினிக்கு மாற்றும் வேலையை நான்தான் கேட்டு வாங்கினேன். பிள்ளை எந்தக் குடி, அதாவது எந்த வம்சம் என்பது வாப்பாவின் குடியைப் பார்த்துத் தானாக நிரம்பும்படி எழுதி, செயலாளரிடம் பெருமையோடு காட்டினேன்.

அவர் சிரித்துவிட்டார். "புள்ளைக்கு உம்மாட குடிதானே தம்பி. நீங்களும் உங்கட உம்மாட குடிதானே?"

முட்டாள்! பாடத்தில் படித்த மாதிரியை நம்பி என் சொந்தக் குடியையே மறந்திருக்கிறேன்.

அன்றே எல்லாவற்றையும் உடைத்தேன். ஆட்களுக்கு ஓர் அட்டவணை, உறவுகளுக்கு இன்னொன்று. உறவு வரியில் மூன்றே விஷயம்: யார், யாருக்கு, என்ன முறை. புதிதாக எந்த உறவு வந்தாலும் ஒரு வரி கூடும், அமைப்பு அசையாது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் செயலாளர் கேட்டார். "ஒரே உம்மாட்ட பால் குடிச்ச உறவையும் போடலாமா?" எங்கள் மார்க்கத்தில் அப்படிப்பட்டவர்கள் சகோதரர்கள், அவர்களுக்குள் கலியாணம் கூடாது.

"ஓம் சேர், எதையும் போடலாம்!"

"அப்ப என்னையும் உங்கட மாமியையும் போடுங்க. அவட உம்மா எனக்கும் பால் குடுத்தவ."

மாமி என்றால் என் மனைவியின் உம்மா. ஒரே ஒரு வரி சேர்த்து, மனைவியின் பெயரைத் தேடினேன். அவள் அவரை மாமா என்றுதான் அழைப்பாள். ஊரில் எல்லோரும் மாமாதானே என்று விட்டிருந்தேன். திரையில் அவர் அவளுடைய உம்மாவின் சகோதரராக நின்றார்.

"இங்க பாருங்க மாமா!" என்று கத்தினேன். அந்த நிமிடம் வரை அவர் எனக்கு மரியாதைக்கு அழைக்கும் வெறும் 'சேர்'.