காற்றின் கண்

விடுதியின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. அங்கே இஸ்திரி போடுகிறவளை எல்லோரும் ‘அகராதி’ என்றுதான் கூப்பிட்டார்கள். எதையாவது பிடித்துக்கொண்டால் ஒற்றைக்காலில் நிற்பாள் என்பது ஒரு காரணம். சட்டைகளைச் சுற்ற வரும் பழைய செய்தித்தாளில் சொற்களைப் பற்றிய பத்தி கண்ணில் பட்டால் போதும், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படித்து முடிப்பாள். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனவள். ஆங்கில எழுத்துகளைத் துணிகளில் தைத்த சீட்டுகளைப் பார்த்துப் பார்த்தே கூட்டப் பழகியிருந்தாள்.

அடுத்த மேசையில் அவள் நாத்தனார். புருஷனின் கடைசித் தங்கை. அவளை வேலையில் சேர்த்துவிட்டதும் அகராதிதான். கூடத்தில் இருந்தது தெரு மட்டத்தில் ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல். தெருப் புழுதி ஈரத் துணியில் ஒட்டுகிறதென்று மேலாளர் அதைத் திருகாணி போட்டு மூடிவிட்டார். நீராவி போக வழியில்லை. ஒரு மதியம் நாத்தனார் மேசையோடு சாய்ந்து அப்படியே மயங்கி விழுந்தாள்.

“இன்னொரு தடவை விழுந்தா வேற ஆள வெச்சுக்குவேன்,” என்றார் மேலாளர். “கொதிக்கிற பெட்டி கையில இருக்கு. யாராவது வெந்துபோனா நான்தான் பதில் சொல்லணும்.”

“அந்த ஜன்னலத் தொறந்து விடுங்க சார்,” என்றாள் அகராதி.

“ஏன், அதுலதான் நல்லா வெளிச்சம் வருதே!”

இரண்டு நாளில், சட்டை சுற்ற எடுத்த தாளில் அந்தப் பத்தி அகப்பட்டது. ‘விண்டோ’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றியது. இன்று பணம் கட்டும் இடத்திலுள்ள திறப்பும் விண்டோ, கணினித் திரையில் விரியும் கட்டமும் விண்டோ. ஆனால் சொல் பிறந்தது வடகடலோடிகளின் பழைய நோர்ஸ் மொழியில். அங்கே அதற்குக் ‘காற்றின் கண்’ என்று பொருள். அதற்கு முன்னால் ஆங்கிலேயர்கள் ‘கண் துளை’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். நாம் சொல்லும் ஜன்னல் போர்த்துகீசியர் விட்டுப்போனது. பழைய தமிழில் அது காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.

நாத்தனாருக்குப் படித்துக் காட்டினாள்.

“கண்ணோ வழியோ, ரெண்டையும் சேத்துல்ல அடைச்சு வெச்சிருக்காங்க அண்ணி!”

அகராதி தாளோடு மேலாளரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “நல்லாத்தான் இருக்கு. அந்தக் கண்ணு வழியா வர்ற தூசிக்கு உன் பேப்பர் என்ன பேர் வெச்சிருக்கு?”

அவர் கேட்டதில் தப்பில்லை. வெள்ளைத் துணி அழுக்கானால் விடுதி எதற்கு?

“தூசிய நான் நிறுத்திக் காட்டுறேன். ஒரு நாள் தொறந்து விடுங்க,” என்றாள். நச்சரித்து நச்சரித்து அனுமதி வாங்கிவிட்டாள்.

ஜன்னலை மறைக்க ஒரு கெட்டிப் படுக்கை விரிப்பை எடுத்தாள். கசங்கிய துணியைத் தொங்கவிட இஸ்திரிக்காரியின் கைக்கு வருமா? கஞ்சி போட்டு, பெட்டி போட்டு, மடிப்புக் கலையாமல் ஆணியில் மாட்டினாள்.

“என்ன அகராதி, ஜன்னலுக்குக் கல்யாணமா?” என்றார் துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர்.

அட்டை மாதிரி விறைத்த துணிக்குள் காற்று நுழையவே இல்லை. தெருவில் பெரிய வண்டி ஒன்று போனதும் அது உப்பிக்கொண்டு ஆணியைவிட்டு மொத்தமாகக் கழன்று விழுந்தது. பின்னாலேயே வந்த புழுதி அடுக்கிய தலையணை உறைகளின் மேல் படிந்தது. பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் சட்டைப் பையிலிருந்து திருகாணிகளை எடுத்தார்.

“சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார். அப்புறம் நானே முடுக்கித் தர்றேன்.”

உறைகளைத் தன் கையாலேயே மறுபடி துவைத்துப் போட்டாள். துவைத்துத் துவைத்து நூல் தெரியும்படி இளைத்துப்போன பருத்தி விரிப்பு ஒன்றைக் கழிவு மூட்டையிலிருந்து உருவினாள். கஞ்சியும் இல்லை, பெட்டியும் இல்லை. தண்ணீரில் முக்கிப் பிழிந்து, இரண்டாய் மடித்து, சுருக்கம் சுருக்கமாகவே ஜன்னல் சட்டத்தில் கட்டி நாலு பக்கமும் மரக்குச்சி வைத்து இறுக்கினாள். அப்படியொரு துணியைப் பார்க்க அவளுக்கே உடம்பு கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டாள்.

காற்று ஈரத்தோடு உள்ளே வந்தது. புழுதி துணியிலேயே தங்கிற்று. காயத் தொடங்கியபோதெல்லாம் நாத்தனார் தண்ணீர் தெளித்தாள்.

மாலையில் மேலாளர் வந்து ஜன்னலடியில் இருந்த உறையை விரித்தார், திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஜன்னல்ல கட்டின துணி காஞ்சிருச்சுன்னு ஒரு நாள் கேள்விப்பட்டாலும் மூடிருவேன்.”

“காயாது சார்.”

அவர் படியேறியதும் நாத்தனாரின் மேசையை இருவருமாக ஜன்னலுக்கு நேர்கீழே இழுத்துப் போட்டார்கள். மறுநாள் மதியம், நீராவி கனக்கும் அந்த நேரத்தில், நாத்தனார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.